வாத்து கத்தினால் எதிரொலி வராதா? டெய்சியை வைத்து நடந்த ஒரு விசாரணை

சித்தப்பா காலை வணக்கத்தோடு சேர்த்து அனுப்பும் ‘உங்களுக்குத் தெரியுமா’ செய்திகளை நான் பெரும்பாலும் திறப்பதில்லை. அன்று ஏனோ திறந்துவிட்டேன். பட்டியலில் ஏழாவதாக இருந்தது இது: “வாத்து கத்தினால் எதிரொலி வராது. காரணம் விஞ்ஞானிகளுக்கே தெரியாது.”

போன் போட்டேன். “சித்தப்பா, இது சுத்தப் பொய்.”

“சரிடா. நீ எப்பவாவது வாத்துச் சத்தம் எதிரொலிச்சுக் கேட்டிருக்கியா?”

யோசித்தேன். மலையில் கூவிக் கேட்டிருக்கிறேன். கிணற்றுக்குள் குனிந்து கத்திக் கேட்டிருக்கிறேன். காலி மண்டபத்தில் கைதட்டிக் கேட்டிருக்கிறேன். வாத்து மட்டும் நினைவில் இல்லை. “கேட்டதில்லை” என்றேன். “அப்புறம் எதை வச்சுப் பொய்ங்கிற?” என்று போனை வைத்துவிட்டார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. இந்தக் கட்டுக்கதையின் பலமே அதுதான். பாம்பு பால் குடிக்கும் என்பதை நம்ப வேண்டுமானால் யாரோ சொன்னதை நம்ப வேண்டும். இதற்கு அந்த அவசியம் இல்லை. நம் காதே சாட்சி சொல்கிறது. வாத்தின் எதிரொலியை யாரும் கேட்டதில்லை என்பது ஏறக்குறைய உண்மை. அங்கிருந்து ‘எதிரொலியே இல்லை’ என்று தாவும் இடத்தில்தான் கதை வழுக்குகிறது.

இது தமிழில் பிறந்த செய்தி அல்ல. 1990களின் இறுதியில் ஆங்கில மின்னஞ்சல்களில் சுற்றிய துணுக்குப் பட்டியல்களிலேயே இந்த வரி உண்டு, ‘காரணம் யாருக்கும் தெரியாது’ என்ற வாலோடு சேர்த்தே. அந்த வாலைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். காரணம் சொல்லியிருந்தால் அது சரியா என்று யாராவது சோதித்திருப்பார்கள். தெரியாது என்று சொல்லிவிட்டதால் கேள்வி கேட்பவன் வாயும் அடைபட்டது, செய்திக்கு ஒரு மர்மமும் ஏறிக்கொண்டது. இப்படி ஒட்டவைத்த மர்மத்தோடு வரும் எந்தத் துணுக்கையும் நான் முதலில் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன்.

இயற்பியல் பக்கம் வந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. எதிரொலி என்பது ஒலி அலை ஒரு பரப்பில் பட்டுத் திரும்பி வருவது, அவ்வளவே. சுவருக்கு வந்து மோதுவது காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கம் மட்டும்தான். அதைக் கிளப்பியது வாத்தா, நாதஸ்வரமா, பக்கத்து வீட்டு மிக்ஸியா என்று சுவர் விசாரிக்காது. அலையின் அதிர்வெண்ணைப் பொறுத்து ஒரு பரப்பு கூடவோ குறையவோ உறிஞ்சும், அது உண்மை. ஆனால் வாத்தின் குரல் ஒற்றை அதிர்வெண் அல்ல, பல அதிர்வெண்கள் கலந்த கரகரப்பு. அத்தனையையும் உலகத்திலுள்ள எல்லாச் சுவர்களும் மலைகளும் கூடிப் பேசி வைத்துக்கொண்டு விழுங்கிவிட முடியாது. அப்படி ஒரு ஒலி உண்மையிலேயே இருந்தால் எதிரொலியில் மாட்டிக்கொள்ளாமல் ஒளிய வேண்டிய நீர்மூழ்கிக் கப்பலைக் கட்டுகிறவர்கள் வாத்துப் பண்ணை வைத்திருப்பார்கள்.

ஆனாலும் ‘இருக்க முடியாது’ என்று நாற்காலியில் உட்கார்ந்து சொல்வது வேறு, ஒரு வாத்தைக் கொண்டுவந்து கத்தவைத்துப் பார்ப்பது வேறு. இங்கிலாந்தில் ஒருவர் இரண்டாவதைச் செய்தார்.

சால்ஃபோர்டில் டெய்சி

மான்செஸ்டரை ஒட்டியிருக்கும் சால்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ட்ரெவர் காக்ஸ் ஒலியியல் பேராசிரியர். அரங்குகளிலும் அறைகளிலும் ஒலி எப்படிச் சிதறுகிறது என்பது அவருடைய துறை. 2003 செப்டம்பரில் பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் ஆண்டு விழா அதே சால்ஃபோர்டில் நடந்தது. அங்கேதான் காக்ஸும் அவருடைய சகாக்களும் வாத்து விவகாரத்தின் முடிவை வெளியிட்டார்கள். சோதனைக்கு வந்தது டெய்சி என்ற வாத்து, செஷயர் மாவட்டப் பண்ணை ஒன்றிலிருந்து.

அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு அறைகள் உண்டு. வழக்கே இந்த இரண்டு அறைகளுக்குள் முடிந்துவிடுவதால் அவற்றைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலாவது எதிரொலியற்ற அறை. சுவர், கூரை, தரை என்று ஆறு பக்கமும் ஆப்பு வடிவப் பஞ்சுக் கட்டிகள் உள்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். ஒலி அலை இரண்டு ஆப்புகளுக்கு நடுவே நுழைந்து இடுக்கில் மோதி மோதி அங்கேயே வெப்பமாகித் தீர்ந்துபோகும், திரும்பி வராது. தரையிலும் பஞ்சு என்பதால் நடப்பதற்கு மேலே கம்பிவலை கட்டியிருப்பார்கள். சால்ஃபோர்டு அறையின் பின்னணி இரைச்சல் மைனஸ் 12.4 டெசிபல் என்று அளந்திருக்கிறார்கள். சராசரி மனிதக் காது கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலியைத்தான் பூஜ்ஜியம் என்று வைத்திருக்கிறோம். அதற்கும் கீழே போகிறது இந்த அறையின் அமைதி. இப்படிப்பட்ட அறைகளில் கொஞ்ச நேரம் நின்றவர்கள் தங்கள் இதயத் துடிப்பு தங்களுக்கே கேட்டதாகச் சொல்வதுண்டு.

இரண்டாவது எதிர்முழக்க அறை. வழவழப்பான கெட்டிச் சுவர்கள், ஒலியை உறிஞ்ச ஒரு திரைச்சீலைகூடக் கிடையாது. ஒரு தடவை கைதட்டினால் ஓசை சுவருக்குச் சுவர் எகிறி எகிறிப் பல நொடிகள் தங்கும். பெரிய கல்மண்டபத்தில் பேசினால் வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்புமே, அதை வேண்டுமென்றே செய்து வைத்திருக்கும் அறை.

டெய்சியை இரண்டிலும் கத்தவைத்துப் பதிவு செய்தார்கள். எதிரொலியற்ற அறையில் கிடைத்தது வாத்தின் தனிக்குரல், எந்தப் பிரதிபலிப்பும் கலக்காத சுத்தமான ‘குவாக்’. எதிர்முழக்க அறையில் அதே குரல் நீண்டு, அறை முழுதும் நிறைந்து, பேய்ப்படப் பின்னணி போல மெல்ல அடங்கியது. வாத்தின் குரல் மற்ற எந்த ஒலியையும் போலவே பிரதிபலிக்கிறது.

வதந்தி அங்கேயே செத்திருக்க வேண்டும். ஆனால் ஒரு வாதம் பாக்கி இருந்தது. எதிர்முழக்கம் என்பது ஆயிரக்கணக்கான பிரதிபலிப்புகள் பிரிக்க முடியாமல் கலந்து வருவது. நாம் பேச்சு வழக்கில் எதிரொலி என்பது வேறு. ‘ஓ’ என்றால் சற்று இடைவெளி விட்டு மலை தனியாக ‘ஓ’ என்று திருப்பிச் சொல்வது. அந்தத் தனி ‘குவாக்’ கேட்குமா? வாத்தை மலையடிவாரத்துக்குத் தூக்கிக்கொண்டு போவதைவிட எளிய வழி இருந்தது. எதிரொலியற்ற அறையில் எடுத்த சுத்தமான பதிவைக் கணினியில் போட்டு, ஒரு செங்குத்துப் பாறைக்கு முன்னால் வாத்து கத்தினால் எப்படி இருக்கும் என்று கணக்கிட்டு ஒலியாக்கினார்கள். எதிரொலி இருந்தது. ஆனால் அது எதிரொலிதான் என்று பிரித்தறிவது கடினமாக இருந்தது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு தயக்கம் எழுந்தது. கணினிக் கணக்கு, வாத்தின் ஒலி மற்ற ஒலிகளைப் போலப் பிரதிபலிக்கும் என்று முதலிலேயே எடுத்துக்கொண்டுதானே ஓடுகிறது? நிரூபிக்க வேண்டியதையே ஆதாரமாக வைத்துவிட்டார்களோ? யோசித்தால் அப்படி இல்லை. ‘பிரதிபலிக்குமா’ என்ற கேள்விக்கு நிஜச் சுவர்கள் கொண்ட எதிர்முழக்க அறை பதில் சொல்லிவிட்டது. ‘பிரதிபலித்தது நம் காதுக்குப் பிரிந்து கேட்குமா’ என்ற இரண்டாவது கேள்விக்குத்தான் கணினி. இரண்டில் ஒன்றை மட்டும் செய்திருந்தால் ஓட்டை இருந்திருக்கும்.

ஒரே ஒரு வாத்து போதுமா என்று கேட்பவர்களும் உண்டு. இந்த வழக்குக்குப் போதும். ‘எந்த வாத்துக்கும் எதிரொலி கிடையாது’ என்பது குற்றச்சாட்டு. அதைக் கவிழ்க்க ஒரு டெய்சி போதும். எல்லா வாத்துக்கும் இத்தனை டெசிபல் என்று சொல்ல வந்திருந்தால்தான் ஒரு கூட்டத்தையே ஓட்டிவர வேண்டியிருக்கும்.

பிறகு ஏன் நமக்குக் கேட்பதில்லை?

எனக்கு வதந்தி பொய் என்பதைவிட இந்தக் கேள்விதான் சுவாரசியம். காக்ஸ் குழு மூன்று காரணங்கள் சொன்னது. வாத்தின் குரலில் அவ்வளவு பலம் இல்லை. வாத்து வாழும் இடத்தில் திருப்பி அனுப்பும் பரப்புகள் குறைவு. குரலின் வடிவமே எதிரொலியை மறைக்கிற வடிவம்.

முதலாவதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். எண்ணை நானே வைத்துக்கொள்கிறேன்: வாத்துக்கு 1 மீட்டர் தள்ளி நிற்கும் உங்களுக்கு அதன் குரல் 80 டெசிபலில் கேட்கிறது என்று வையுங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்க இரட்டிக்க ஒலி 6 டெசிபல் குறையும். 50 மீட்டரில் ஒரு பாறை. ஒலி போய்வர 100 மீட்டர். பாறை துளியும் உறிஞ்சாமல் அப்படியே திருப்பி அனுப்பினாலும் 40 டெசிபல் இழப்பு, மிச்சம் 40. வயல்வெளியில் காற்று, பூச்சிகள், எங்கோ ஓடும் பம்புசெட்டு எல்லாம் சேர்ந்தால் 40 டெசிபலைச் சுலபமாகத் தொட்டுவிடும். எதிரொலி வந்தது, அந்த இரைச்சலுக்குள் கரைந்தது. நீங்கள் அடிவயிற்றிலிருந்து கத்தினால் வாத்தைவிட 10 டெசிபலாவது கூட இருக்கும். அதனால்தான் உங்கள் குரல் திரும்பி வருகிறது.

சரி, பாறையைக் கிட்டக் கொண்டுவருவோம். 10 மீட்டரில் ஒரு சுவர். போய்வர 20 மீட்டர், இழப்பு 26 டெசிபல்தான். 54 டெசிபலில் எதிரொலி வரும், இரைச்சலைத் தாண்டிக் கேட்க வேண்டும். ஆனால் ஒலி நொடிக்கு 344 மீட்டர் போகும் என்று வைத்தால், அது திரும்பிவர ஆகும் நேரம் சுமார் 0.06 நொடி. அதற்குள் வாத்து தன் ‘குவாக்’கை முடித்தே இருக்காது. பள்ளிப் பாடப்புத்தகத்தில் எதிரொலி தனியாகக் கேட்க 0.1 நொடி இடைவெளி வேண்டும், அதற்குக் குறைந்தது 17.2 மீட்டர் தூரம் வேண்டும் என்று படித்திருப்போம். அந்தக் கணக்கு கைதட்டல் மாதிரி சட்டென்று முடியும் ஒலிக்குப் பொருந்தும். இழுத்துக் கத்தும் ஒலிக்கு 17.2 மீட்டர் போதாது, கத்தி முடிக்கும் நேரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

வாத்து இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. சுவர் கிட்ட இருந்தால் குரல் முடிவதற்குள் எதிரொலி வந்து அதிலேயே கலந்துவிடுகிறது. தள்ளி இருந்தால் வருவதற்குள் தேய்ந்துவிடுகிறது.

நம் மூளையும் இதற்கு உடந்தை. ஒரே ஒலி இரண்டு திசையிலிருந்து சில மில்லிநொடி இடைவெளியில் வந்தால், முதலில் வந்ததற்கே மூளை முதல் மரியாதை செய்யும். பின்னால் வந்ததைத் தனி ஒலியாக எடுத்துக்கொள்ளாமல் முதலோடு சேர்த்துவிடும். 1949-ல் ஜெர்மனியில் ஹெல்முட் ஹாஸ் என்பவர் தன் ஆய்வேட்டில் இதை அளந்து காட்டினார், அவர் பெயரிலேயே ஹாஸ் விளைவு என்கிறோம். இந்தச் சலுகை நமக்கு இல்லாவிட்டால் வீட்டுக் கூடத்தில் பேசும் ஒவ்வொரு சொல்லும் நாலு சுவரிலிருந்தும் நாலு தடவை கேட்கும். பெரிய சத்தத்தின் வால்பகுதியில் வரும் சின்னச் சத்தத்தைக் காது தவறவிடுவதும் தனியாக உண்டு.

குரலின் வடிவம் என்று சொன்னேன். கைதட்டலை வரைந்து பார்த்தால் ஊசி மாதிரி இருக்கும், எழுந்த வேகத்தில் விழுந்துவிடும். எதிரொலி இரண்டாவது ஊசியாகத் தெளிவாகத் தெரியும். வாத்தின் ‘குவா…க்’ மெல்ல ஏறி, வழிந்து இறங்குவது. இறங்குகிற சரிவில் எதிரொலி வந்து உட்கார்ந்தால், வாத்து கொஞ்சம் நீட்டிக் கத்தியது போலத்தான் தோன்றும். அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று தனியாக இதே சோதனையைச் செய்தபோதும் இதையேதான் கண்டார்கள். எதிரொலி இருந்தது, ஆனால் மூலக்குரலின் தொடர்ச்சி போல ஒட்டிக்கொண்டிருந்தது.

போதாக்குறைக்கு வாத்து ஒரு தடவை கத்தி நிறுத்துகிற ஜாதியும் அல்ல. நாம் ‘குவாக்’ என்று சொல்லும் ஓங்கிய குரல் பெட்டையினுடையது. ஆண் வாத்து அடித்தொண்டையில் கரகரக்குமே தவிர அப்படிக் கத்தாது. பெட்டை கத்தும்போது ஒன்றிரண்டு குரல் ஓங்கி வரும், அடுத்தவை படிப்படியாகத் தணிந்துகொண்டே போகும். குவாக், குவாக், குவாக், குவாக்… கடைசிக் குரல் முணுமுணுப்பாக முடியும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அதுவே எதிரொலி வரிசை மாதிரித்தான் இருக்கும்! தன் குரலின் தேய்வைத் தானே நடித்துக் காட்டும் பறவையிடம், நிஜமாகவே திரும்பி வந்த குரல் எது என்று எப்படிப் பிரிப்பது? அடுத்த ‘குவாக்’ வேறு வந்து முந்தைய எதிரொலியின் மேல் உட்கார்ந்துகொள்கிறது. இந்த வழக்கில் நான் மிகவும் ரசித்த இடம் இது.

இடம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குளம், ஏரி, சதுப்பு. தண்ணீர்ப் பரப்பு ஒலியை நன்றாகவே பிரதிபலிக்கும், ஆனால் வாத்திடம் திருப்பி அனுப்பாது, சாய்ந்து வந்த ஒலியை எதிர்ப்பக்கம் வானத்துக்குத் தள்ளிவிடும். கரையிலுள்ள நாணலும் மரமும் ஒலியைச் சிதறடிக்கும். நம் ஊரில் அறுப்பு முடிந்த வயல்களில் வாத்துக் கூட்டங்களை மேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். தாளடியும் சேறும், கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு சுவரில்லை. அங்கே எதிரொலியைத் தேடுவது, கடலில் நின்றுகொண்டு படித்துறையைத் தேடுகிற மாதிரி. தவிர, நூற்றுக்கணக்கான வாத்துகள் சேர்ந்து கத்தும்போது எதன் எதிரொலியை யார் பிரித்துக் கேட்பது?

இதே சிக்கலை வௌவால் எப்படித் தீர்த்தது

வாத்துக்குத் தன் எதிரொலி கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன. கேட்டே ஆக வேண்டிய பிராணிகளும் உண்டு. அவை கத்தும் விதத்தைப் பார்த்தால் வாத்து எங்கே ‘தவறுகிறது’ என்பது இன்னும் தெளிவாகும்.

பூச்சி தின்னும் வௌவால் இருட்டில் எதிரொலியை வைத்தே இரையைப் பிடிக்கிறது. தன் குரலும் அதன் எதிரொலியும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் அதற்குப் பட்டினிதான். அதனால் பெரும்பாலான வௌவால்களின் ஒரு கூவல் சில மில்லிநொடிகளே நீடிக்கும். இரையை நெருங்க நெருங்க எதிரொலி சீக்கிரம் வரும் என்பதால் கூவலை இன்னும் சுருக்கிக்கொண்டே போகும், கடைசிக் கணத்தில் நொடிக்கு நூற்றைம்பதுக்கு மேற்பட்ட துடிப்புகள்கூட விடும். குரலை நீட்டாதே, சட்டென்று முடி, பதிலுக்கு இடம் விடு என்பதுதான் அதன் உத்தி. டெய்சி செய்தது இதற்கு நேர்மாறு.

பறவைகளிலும் இந்த வித்தை தெரிந்தவை உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் குகைச் சுவர்களில் கூடு கட்டும் இந்திய உழவாரன், இருட்டுக்குள் பறக்கும்போது ‘டிக் டிக்’ என்று சொடுக்குச் சத்தம் எழுப்பி அதன் எதிரொலியால் வழி கண்டுகொள்ளும். வௌவாலின் கூவல் பெரும்பாலும் நம் காதுக்கு எட்டாத உயரத்தில் இருக்கும். உழவாரனின் சொடுக்கு நமக்கே கேட்கும். அதுவும் ஊசி வடிவ ஒலிதான், வழிந்து இறங்குவதல்ல.

மரபுச் சொற்களில் குயில் கூவும், மயில் அகவும், ஆந்தை அலறும், வாத்து கத்தும் என்று சின்ன வகுப்பில் ஒப்பித்தோம். மற்றவற்றுக்கெல்லாம் அழகழகாகச் சொல் வைத்தவர்கள் வாத்துக்கு மட்டும் வெறும் ‘கத்தும்’ போட்டுவிட்டார்களே என்று எனக்கு அப்போது ஒரு குறை உண்டு. இந்த வழக்கைப் படித்தபின் அந்தச் சொல் பரவாயில்லை என்று தோன்றுகிறது. கத்துகிறவர்கள் பொதுவாகப் பதிலுக்கு இடைவெளி விடுவதில்லை.

வழக்குக்குப் பிறகு

2003-லேயே தீர்ப்பு வந்தும், உலகம் முழுக்கப் பத்திரிகைகள் டெய்சியின் படத்தைப் போட்டும் வதந்தி சாகவில்லை. மின்னஞ்சலிலிருந்து வாட்ஸ்அப்புக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். மறுப்பு எழுதியவர்கள் பலர் ‘வாத்துக்கும் எதிரொலி உண்டு, ஆய்வில் நிரூபணம்’ என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டதும் இதற்கு ஒரு காரணம் என்பேன். குளக்கரையில் நின்று எதிரொலியே கேட்காதவர் அந்த ஒரு வரியை ஏன் நம்ப வேண்டும்? அவர் காது பொய் சொல்லவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் மறுப்பு அவர் அனுபவத்தோடு பொருந்தும்.

சித்தப்பாவிடம் அப்படித்தான் சொன்னேன், 10 மீட்டர், 50 மீட்டர் கணக்கோடு. பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஆக நான் கேட்டதில்லைன்னு சொன்னது சரிதானே?” என்றார்.

“சரிதான் சித்தப்பா.”

“பின்ன என்ன?” என்று அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்.

ட்ரெவர் காக்ஸ் பிற்பாடு உலகிலேயே மிக நீண்ட எதிர்முழக்கத்தை அளந்து கின்னஸ் பதிவில் இடம்பிடித்தார். ஸ்காட்லாந்தில் இன்வர்கார்டன் அருகே இன்ச்சிண்டவுன் என்ற இடத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் கடற்படையின் எரிபொருளைச் சேமிக்க மலையைக் குடைந்து கட்டிய தொட்டிகள் உள்ளன. ஒன்றின் நீளம் இருநூறு மீட்டருக்கு மேல். காலியாகக் கிடந்த அந்தத் தொட்டிக்குள் வெற்றுத் தோட்டாவால் சுட்டபோது, 125 ஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த அதிர்வெண்ணில் அதன் முழக்கம் அடங்க 112 நொடி ஆனது. டெய்சி அங்கே ஒரு தடவை கத்தியிருந்தால், ‘எதிரொலி வராது’ என்று யாரும் மறுபடி வாய் திறந்திருக்க மாட்டார்கள். உள்ளே போக இருப்பது அரை மீட்டர்கூட அகலமில்லாத குழாய். காக்ஸ் அதற்குள் படுத்தபடி நுழைய வேண்டியிருந்தது. வாத்துக்கு அது தாராளம், நடந்தே போயிருக்கலாம்.